நத்தைக்கு நான் கொடுத்த சுத்தத் தண்ணீர்

வீடு வீடாகப் போய்க் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி மாட்டுவது என் தொழில். தொழில் என்று நான் அடக்கமாகச் சொல்கிறேன். என் மனைவியைக் கேட்டால் வியாதி என்பாள். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் என் கண் முதலில் போவது குழாயடிக்குத்தான். குழாய் மூக்கில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் போதும், வந்த காரியம் மறந்துவிடும். விருந்துக்கு அழைத்தவர்கள் குடிக்கக் கொடுத்த தண்ணீரில், சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரியான மீட்டரை எடுத்து முக்கி, அதில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று அவர்கள் முகத்துக்கு நேரே காட்டியிருக்கிறேன். அந்த வீடுகளிலிருந்து இரண்டாவது அழைப்பு வந்ததில்லை.

என் வீட்டைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உள்ளே வரும் பெரிய குழாயிலேயே உப்பை உறிஞ்ச ஒரு கருவி. அதில் தப்பியதைப் பிடிக்கச் சமையலறையில் இன்னொன்று. குளித்துவிட்டு வரும் மனைவி, "எத்தனை தண்ணி ஊத்தினாலும் சோப்பு போகவே மாட்டேங்குதுங்க" என்பாள். அதுதான் நல்ல தண்ணீரின் லட்சணம் என்று நான் வகுப்பெடுப்பேன்.

ஒழுங்காக ஓடுகிற எதையும் சும்மா ஓட விடாமல் இன்னும் கொஞ்சம் நன்றாக ஓட வைப்பது என்னுடைய இன்னொரு குணம். மகளின் பொம்மை ரயிலுக்கு எண்ணெய் போட்டேன். அது தண்டவாளத்தை விட்டு வழுக்கிச் சுவரில் மோதி இரண்டானது. அவள் சைக்கிளின் பிரேக்கை இறுக்கிக் கொடுத்தேன். தெருமுனையில் தலைகுப்புற விழுந்தாள். வளர வளர எதையும் என்னிடம் கொண்டுவருவதை அவள் நிறுத்திக்கொண்டாள். "அப்பாகிட்ட சொல்லாதீங்கம்மா, ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு வந்துடுவாரு" என்று அம்மாவிடம் சொன்னதைக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். வெளியே சிரித்துவைத்தேன். உள்ளே சுருக்கென்றது.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்தது. கண்ணாடித் தொட்டியையும், அதில் அவள் வளர்த்த நத்தையையும் விட்டுப்போக வேண்டியதாயிற்று. எலுமிச்சம்பழ அளவில் மஞ்சள் ஓட்டோடு இருக்கும். பெயர் உருண்டை. அம்மாவிடம் ஒப்படைக்கப் போனவளை மறித்து, "நான் பாத்துக்கறேன்மா" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஒண்ணும் பண்ணாம பாத்துக்குவீங்களா?"

"கண்டிப்பா."

இந்த ஒரு விஷயத்திலாவது அவளிடம் நல்ல பேர் வாங்கிவிட வேண்டும் என்று எனக்கு அப்படியொரு ஆசை.

வராந்தாவில் கருவி எதுவும் மாட்டாத குழாய் ஒன்று மிச்சம் இருந்தது. மகள் தொட்டிக்கு அதில்தான் தண்ணீர் பிடிப்பாள். அவள் கிளம்பிய வாரமே அதையும் கருவி மாட்டிய உள்குழாயோடு இணைத்தேன். தொட்டியிலிருந்த பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டுச் சமையலறைக் கருவியின் தண்ணீரால் நிரப்பினேன். தண்ணீரை மாற்றுவது 'ஒண்ணும் பண்ணாமல்' என்பதில் அடங்கும் என்பது என் சட்டம். மீட்டரை விட்டுப் பார்த்தேன். கிட்டத்தட்ட பூஜ்யம். இவ்வளவு சுத்தமான தண்ணீரில் எந்த நத்தையும் வாழ்ந்திருக்காது என்று பூரித்துப்போனேன். அது முழு உண்மை. வாழ்ந்திருக்காதுதான்.

சில வாரங்களில் உருண்டையின் ஓட்டு உச்சியில் மஞ்சள் மங்கி வெள்ளைத் திட்டுகள் தெரிந்தன. வேறு யாராக இருந்தாலும் பயந்திருப்பார்கள். நானோ வெள்ளையைப் பார்த்ததும் உற்சாகமாகிவிட்டேன். என் அனுபவத்தில் வெள்ளைத் திட்டு என்றால் உப்புக் கறை. உப்புக் கறைக்கு எலுமிச்சைச் சாறு. பஞ்சில் நனைத்து, குழாய் மூக்கைத் துடைக்கிற அதே பக்குவத்தோடு நத்தையைத் துடைத்தேன். பொசுபொசுவென்று நுரைத்தது.

"என்னங்க அது நுரைக்குது?" என்றாள் மனைவி.

"கறை கரையுது."

"கறையா? எனக்கென்னமோ ஓடே கரையற மாதிரி இருக்கு."

அவள் சொன்னதுதான் சரி. திட்டு இருந்த இடத்தில் சின்னக் குழி விழுந்திருந்தது. தண்ணீரில் விட்டதும் உருண்டை தன் உடம்பை உள்ளே இழுத்து, ஓட்டு வாயின் மூடியைச் சாத்திக்கொண்டது. விற்பனைக்குப் போன இடங்களில் என் முகத்துக்கு நேரே எத்தனையோ கதவுகள் சாத்தப்பட்டிருக்கின்றன. எதுவும் இந்த அளவுக்கு உறைத்ததில்லை.

அடித்துப் பிடித்து வண்ணமீன் கடைக்கு ஓடினேன். கடைக்கார அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"என்ன தண்ணி ஊத்தறீங்க?"

"பூஜ்யம்" என்றேன், அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாக.

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணே, அது ஓடு கட்டறதே தண்ணியில இருக்கற சுண்ணாம்புச் சத்தை வெச்சுத்தான். நீங்க அதைப் பூரா உருவிட்டீங்க. அப்போ தண்ணி அது முதுகுல இருக்கறதைக் கரைச்சு எடுத்துக்குது. பத்தாததுக்கு எலுமிச்சம்பழம் வேறயா?"

என்னை நண்பர்கள் வடிகட்டிய முட்டாள் என்று கேலி செய்வது தொழிலை வைத்துத்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

அக்கா ஒரு கணவாய் மீனின் ஓட்டை எடுத்துக் கொடுத்தார்; கூண்டுப் பறவைகள் கொத்துவதற்கு வைக்கிற வெள்ளை ஓடு. கூடவே முட்டை ஓட்டை வேகவைத்து, உள்தோலை உரித்து, காயவைத்துப் பொடித்து, துணியில் முடிந்து போடச் சொன்னார். "முக்கியமா குழாய்த் தண்ணியைக் கொஞ்சம் கொஞ்சமா கலந்து விடுங்க. ஒரேடியா மாத்திடாதீங்க. விழுந்த குழி விழுந்ததுதான், அது ஆறாது. இனிமே வளர்ற விளிம்பு நல்லா வரும்."

வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேகமான ஒரு யோசனை வந்தது. மூட்டு வலிக்கு மனைவி சாப்பிடும் கால்சியம் மாத்திரையை எடுத்து இடிக்கப் போனேன். அவள் அதைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கணவாய் ஓடு தொட்டியில் மூழ்காமல் மிதந்து என்னைப் பரிகாசம் செய்தது. கல்லில் கட்டி அமுக்கினேன். எல்லாம் சரி, குழாய்த் தண்ணீருக்கு எங்கே போவது? என் வீட்டில் சொட்டு உப்புத் தண்ணீர் கிடையாதே.

வாளியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். கருவி வாங்கச் சொல்லி நான் பல வருஷமாகப் பயமுறுத்தியும் மசியாத மனிதர் அவர்.

"எங்க வீட்டுத் தண்ணியா? இதைக் குடிச்சா வயித்துல கல்லு வரும்னு சொன்னீங்களே?"

"அந்தக் கல்லுதான் சார் வேணும்" என்றேன், அசடு வழிய.

அவர் சிரித்த சிரிப்பு படிக்கட்டு இறங்கும்வரை கேட்டது. அதற்குப் பிறகு நான் வாளியோடு போகும்போதெல்லாம் மனிதர் தன் குடும்பத்தையே வாசலுக்குக் கூப்பிட்டுவிடுவார்.

மெதுவாக உருண்டை மூடியைத் திறந்தது. கோஸ் இலையை வேகவைத்துப் போட்டால் மேய்ந்தது. பிறகு ஒருநாள் ஓட்டின் விளிம்பில் நகக்கணு அளவுக்குப் புதிதாக வழவழவென்று ஒரு மஞ்சள் கோடு தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. உச்சியில் இருந்த குழி மட்டும் அப்படியே இருந்தது.

இத்தனை நாளும், ஞாயிற்றுக்கிழமைகளில் மகள் வீடியோவில் கூப்பிடும்போது நத்தையின் நல்ல பக்கத்தையே திருப்பித் திருப்பிக் காட்டிச் சமாளித்துவந்தேன். "லீவுல வந்தா பாக்கத்தானே போறா? நீங்களே சொல்லிடுங்க" என்றாள் மனைவி. அந்த ஞாயிறு காலை சொன்னேன். பூஜ்யம், எலுமிச்சம்பழம், வாளி எதையும் பூசி மெழுகவில்லை. திட்டுவாள், போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்வாள், அதோடு என் கதை முடிந்தது என்று காத்திருந்தேன்.

"அப்பா" என்றாள். "எனக்கும் இங்க சரியில்லப்பா."

"என்னம்மா?"

"வந்ததுலேருந்தே சரியில்ல. எங்க மேடம் எல்லார் முன்னாடியும் கத்தறாங்க. மத்தியானம் ஆனா பாத்ரூம்ல போய் அழுதுட்டு வரேன். அம்மாகிட்டகூட சொல்லல."

என் வாய் வரைக்கும் யோசனைகள் வரிசை கட்டி வந்து நின்றன. அந்த ஊரில் எனக்கு யாரைத் தெரியும், வேறு வேலைக்கு யாரைப் பிடிக்கலாம், அந்த மேடத்தின் நம்பர் என்ன.

"நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம்ப்பா. கேளுங்க, அது போதும்."

வாயை மூடிக்கொண்டேன். பொறுக்க முடியாத வேலை அது. அவள் சொல்லிக்கொண்டே போனாள். நடுவில் அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு மறுபடியும் சொன்னாள். நான் 'ம்' கொட்டியதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை.

என் குரலே கேட்காததில் சந்தேகப்பட்டு மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க, லைன் கட்டாயிடுச்சா?"

போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இல்ல, பேசிட்டிருக்கா" என்றேன்.

"யார்கிட்ட?"

"என்கிட்டதான்."