மணியின் கழுத்துப் பில்லை

மாதுங்காவில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். எங்கள் நாய் மணிக்கு லைசென்ஸ் வாங்கி, அதற்குக் கொடுத்த பித்தளைப் பில்லையைக் கழுத்துப்பட்டையில் மாட்டியிருந்தோம்.

சென்ற மாதம் ஒரு வியாழக்கிழமை, வழக்கம்போல் புளி போட்டு விளக்குகளைத் தேய்க்க உட்கார்ந்தேன். நான் விளக்கேற்றும்போதெல்லாம் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும் மணியின் கழுத்தில் மட்டும் பித்தளை ஏன் கறுத்துக் கிடக்க வேண்டும் என்று தோன்றியது. பட்டையோடு கழற்றித் தேய்த்தேன். திறந்திருந்த கதவு வழியாக மணி கீழே ஓடிவிட்டது.

தெருவில் கூச்சல் கேட்டு எட்டிப் பார்த்தால், நாய் பிடிக்கிற வண்டியில் மணியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கீழ்வீட்டு மாமா காதில் டிரான்சிஸ்டரை வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார். தினமும் தம் கையால் மணிக்கு பிஸ்கட் போடுகிறவர்!

விழுந்தடித்துக்கொண்டு ஓடினேன்.

"பில்லா கிதர்?" என்று பில்லை எங்கே என இந்தியில் அதட்டினான் வண்டிக்காரன். புளி வழியும் கையை விரித்துப் பில்லையைக் காட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே மணியை இறக்கிவிட்டான்.

"நம்ம மணின்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா மாமா?" என்று கேட்டேன்.

"கழுத்துல பட்டை இல்லையேம்மா. நமக்கெதுக்கு வம்பு?" என்றார்.

இப்போது பில்லையைக் கழற்றுவதே இல்லை. மணியை உட்கார வைத்துக் கழுத்திலேயே துடைத்துவிடுகிறேன். மாமாவோடு பேச்சையும் நிறுத்திவிட்டேன். மணிதான் அவரைக் கண்டால் இன்றும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுகிறது. பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறேன்.