வலிக் கட்டத்தில் பூஜ்யம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று வீட்டில் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் ஒரு பூஜ்யத்தின் மேல் கோபப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிசியோதெரபி மேல்படிப்பின் கடைசி வருஷம். ஓர் ஆய்வு செய்து அறிக்கை எழுதிக் கொடுத்து, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் உட்கார்ந்து பதில் சொன்னால்தான் பட்டம். பட்டம் வந்தால்தான் வேலை. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் என்னை எடுத்திருந்தார்கள். "சர்டிபிகேட்டோட சீக்கிரம் வந்து சேருங்க, லேட்டானா வேற ஆள் பாத்துக்குவோம்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். வைவா ஒரு தடவை தள்ளிப்போனால் அடுத்த செமஸ்டர்தான். அவ்வளவு நாள் எனக்காக எந்த ஆஸ்பத்திரி காத்திருக்கும்?

திருவண்ணாமலையில் பிறந்தவள் வேறென்ன தலைப்பு எடுப்பாள்? பௌர்ணமிக்கு மலை சுற்றிவிட்டு வருகிறவர்களின் கால்கள். வெறுங்காலோடு தார் ரோட்டில் அவ்வளவு தூரம் நடக்கிறார்கள், முட்டிக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். சில பௌர்ணமிகளுக்கு, விடிந்ததும் விடியாததுமாக, சுற்றி முடித்து வருகிற இடத்தில் ஒரு டீக்கடை ஓரமாக பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஆள் பிடித்துக் கொடுத்தது என் அம்மா. அம்மாவும் அப்போதுதான் சுற்றி முடித்து வந்திருப்பாள்.

"வாங்க, ஒக்காருங்க. நம்ம பொண்ணு படிக்குது. ரெண்டே கேள்விதாங்க, ஜாஸ்தி நேரம் ஆவாது" என்று வழியில் போகிறவர்களைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்து வருவாள்.

ரெண்டு கேள்விகூட இல்லை. ஒரு கேள்வி, ஒரு சோதனை. கால் வலி எவ்வளவு, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லுங்கள் என்பது கேள்வி. ஸ்டூலிலிருந்து எழுந்திருங்கள் என்பது சோதனை. கையை எங்காவது ஊன்றி எழுகிறார்களா, ஊன்றாமல் எழுகிறார்களா என்று பார்த்துக் குறித்துக்கொள்வேன்.

எல்லாம் முடிந்து, வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எல்லார் பதிலையும் ஏற்றத் தொடங்கினேன். வலிக் கட்டத்தில் பூஜ்யம். அதற்குக் கீழே பூஜ்யம். அதற்கும் கீழே, அட ராமா, பூஜ்யம். ஒருத்தர்கூட, பேச்சுக்குக்கூட, ஒன்று என்று சொல்லவில்லை. கேட்கும்போது ஒவ்வொருவரும் தனித்தனியாகச் சொன்னதால் எனக்கு உறைக்கவில்லை போலிருக்கிறது. மொத்தமாகப் பார்த்தபோது பகீர் என்றது.

காரணம் எனக்குத் தெரியாதா? இந்த ஊர்த் தண்ணீர் குடித்து வளர்ந்தவள்தானே நான். அண்ணாமலையாரைச் சுற்றிவிட்டு வந்து கால் வலிக்கிறது என்று யாராவது வாயால் சொல்வார்களா? அது சாமியிடமே போய்க் குறை சொல்வது மாதிரி. சுற்றின புண்ணியமே போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. நானே சின்ன வயசில் கால் வலிக்கிறது என்று சொல்லி அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கியிருக்கிறேன். கேள்வியைத் தயார் செய்தபோது மட்டும் என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ தெரியவில்லை.

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தால் வேறு கதை. முக்கால்வாசிப் பேருக்கு மேல் கையை ஊன்றித்தான் எழுந்திருக்கிறார்கள். முட்டியில் ஊன்றினவர்கள், டீக்கடை பெஞ்சைப் பிடித்தவர்கள், "அப்பா அண்ணாமலையாரே" என்று என் அம்மாவின் தோளையே பிடித்து எழுந்தவர்கள். ஒரு அண்ணன் பூஜ்யம் என்று சொல்லிவிட்டு எழுந்தபோது ஸ்டூலும் அவரோடு சேர்ந்து எழுந்தது.

ரிசல்ட்ஸ் அத்தியாயத்தை ஆத்திரத்தோடு எழுதினேன். பக்தி எப்படி வலியை மறைக்கிறது, நம் ஜனங்கள் உடம்பை எப்படிக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்று பொரிந்து தள்ளியிருந்தேன். என் கைடு மேடம் அதிகம் பேசாதவர். பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டே படித்தார்.

"என்னம்மா இது, ரிசல்ட்ஸா பிரசங்கமா?"

"இல்ல மேடம், உண்மையத்தான்..."

"என்ன கெடச்சுதோ அத மட்டும் எழுது. ஏன் அப்படிங்கறதெல்லாம் அடுத்த சாப்டர்ல வெச்சிக்கோ. இங்க உன் கோவத்துக்கு எடம் கெடையாது."

பக்கம் பக்கமாகப் பென்சில் கோடு. எனக்கு வந்ததே கோபம்! பஸ் ஏறி வீட்டுக்கு வந்து, அந்த வலிக் கட்டத்தையே தூக்கிக் கடாசினேன். எழுந்திருக்கிற சோதனையை மட்டும் வைத்து அழகாக ஒரு அட்டவணை போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

"வலி எங்கம்மா?" என்றார் மேடம்.

"யாருமே உண்மைய சொல்லல மேடம். எல்லாம் பூஜ்யம். அத வெச்சி என்ன பண்றது?"

"பொய்னு நீ எப்படி சொல்லுவ? நீ கேட்ட, அவங்க சொன்னாங்க. அதுவும் ரிசல்ட்தான். உனக்குப் புடிக்கலன்னு எடுத்துட முடியாது."

"வைவாவுக்கு வெளியிலேர்ந்து வர்ற எக்ஸ்டர்னல் கேள்வியே தப்புன்னுட்டா?"

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சொல்லலாம். திரும்பப் போய் டேட்டா எடுன்னும் சொல்லலாம்."

அவ்வளவுதான், வேலூர் ஆஸ்பத்திரி என் கண் முன்னாலேயே பஸ் ஏறிப் போனது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அம்மாவிடம் பாய்ந்தேன். அம்மா அடுப்படியில் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ம்மா, உண்மைய சொல்லு. மலை சுத்திட்டு வந்தா உனக்குக் கால் வலிக்குதா இல்லியா?"

"எனக்கென்னாடி வலி? நல்லாத்தான் கீறேன்."

"சாமி ஒண்ணும் கோச்சிக்க மாட்டாரு. சொல்லு."

"வலிச்சாதான சொல்றதுக்கு" என்றவள், கீரைத் தட்டை ஒரு கையில் எடுத்துக்கொண்டு, மறு கையால் அடுப்பு மேடையைப் பிடித்து, கொஞ்சம் நிதானித்து, மூச்சை இழுத்து எழுந்தாள். எனக்குச் சிரிப்பதா, கத்துவதா, கட்டிப்பிடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. கத்தினேன். எனக்குச் சுலபமாக வருவது அதுதான்.

கத்தி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. மறுபடி உட்கார்ந்து எழுதினேன். இந்தத் தடவை பிரசங்கம் இல்லை, திருட்டுத்தனமும் இல்லை. "வலி இருப்பதாக யாரும் கூறவில்லை. ஆனால், அவர்களில் பெரும்பாலோர் கையை ஊன்றியே எழுந்தனர்." மேடம் அந்த 'ஆனால்' என்பதை மட்டும் பென்சிலால் அடித்தார். "இதுலதான் உன் கோவம் ஒளிஞ்சிட்டு இருக்கு" என்றார். அடித்த பிறகு படித்துப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, இரண்டு வாக்கியமும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தன. நான் எழுதினதிலேயே எனக்குப் பிடித்தது இன்றைக்கும் அந்த இரண்டு வரிதான்.

வைவாவுக்கு எக்ஸ்டர்னல் சென்னையிலிருந்து வந்தார். பெரிய பேராசிரியர். தேதியை அவரே குறித்துக் கொடுத்திருந்தார். காலண்டரைப் பார்த்தேன், பௌர்ணமிக்கு மறுநாள். திருவண்ணாமலைக்கு ஆபீஸ் வேலையாக வருகிற யாரும் வேறெந்த நாளிலும் வரமாட்டார்கள், அது எங்களுக்குப் பழகிப்போன விஷயம்.

நெற்றி நிறைய விபூதியோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மேடம். மற்ற கேள்விகளெல்லாம் நல்லபடியாகப் போயின. ரிசல்ட்ஸ் வந்ததும் அட்டவணையில் விரலை வைத்தார்.

"ஏம்மா, இத்தன பேர் நடந்து வந்திருக்காங்க. வலி ஒருத்தருக்குக்கூட இல்லையா? இது நம்பற மாதிரி இருக்கா? கேள்வி கேட்ட முறையிலயே தப்பு இருக்கும்போல. இத திரும்ப எடுக்க வேண்டியிருக்குமே."

மேடத்தைப் பார்த்தேன். அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் எந்தச் சாமி என் வாயில் வந்து உட்கார்ந்ததோ, "சார், நேத்து நீங்க கிரிவலம் போனீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "போகாம? முழுசா சுத்தினேன். செருப்பில்லாம. அருமையான தரிசனம்."

"கால் வலிக்குதா சார்?"

"சேச்சே! வலியா? அவனைச் சுத்திட்டு வந்து வலியாவது ஒண்ணாவது!"

"சார், தப்பா நெனச்சிக்காதீங்க. ஒரு நிமிஷம் எழுந்திருக்கறீங்களா?"

"இதிலென்ன இருக்கு" என்று இரண்டு உள்ளங்கையையும் மேஜையில் ஊன்றினார். பாதி எழுந்தார். "அண்ணாமலையாரே" என்றார். அப்படியே நின்றார். குனிந்து தன் கைகளைப் பார்த்தார்.

என் கதை முடிந்தது என்று நினைத்தேன். மேடம் ஃபைலைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். ஃபைல் குலுங்கியது.

மனுஷர் மெல்ல மறுபடி உட்கார்ந்தார். அசடு வழியச் சிரித்தார். அப்புறம் சத்தமாகவே சிரித்தார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டுவிட்டு அறிக்கையை என் பக்கம் தள்ளினார்.

"கேள்வியில தப்பில்லம்மா. அந்த டேபிள்ல என்னையும் சேத்துக்கோ. ரெண்டு கட்டத்துலயும்."

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் நடித்துக் காட்டினேன், அவர் குரலையும் சேர்த்து. அம்மா கண்ணில் தண்ணி வரச் சிரித்தாள். வேலை கிடைத்தாயிற்று என்றதும் அந்தத் தண்ணியிலேயே கொஞ்சம் அழுதும் வைத்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாவம்டி அந்தாளு. எவ்ளோ வலிச்சிருக்கும்" என்றாள்.

"உனக்கு?"

"எனக்கெதுக்கு வலிக்கப் போவுது?" என்றாள். அப்புறம் சுவரில் சாய்ந்துகொண்டு, புடவையை முட்டி வரைக்கும் ஏற்றி, வலது காலை என் மடியில் நீட்டினாள்.

"வலியெல்லாம் ஒண்ணும் இல்ல. படிச்சிருக்கியேன்னு சொல்றேன். சும்மா பாக்கறதுன்னா பாரு."