பாண்டீஸ்வரியின் ஏழு கல் தோடு

பாண்டீஸ்வரியின் இடது காதுமடல் இரண்டாகப் பிளந்து தொங்கியது. ஆஸ்பத்திரியில் தையல் போட்ட டாக்டர் பெண், "எப்படிம்மா ஆச்சு?" என்று கேட்டாள். "திருடன் இழுத்துட்டான்" என்றாள் பாண்டீஸ்வரி. டாக்டர் அதை அப்படியே பதிவேட்டில் எழுதிக்கொண்டாள். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அந்தத் திருடனுக்குத்தான் அவள் இருபத்தாறு வருடமாகச் சோறாக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

தையல் முடிகிற வரை அவளுடைய வலது கை மூடியே இருந்தது. நர்ஸ் விரிக்கச் சொல்லியும் விரிக்கவில்லை. உள்ளே ரத்தம் அப்பிய வைரத்தோடு இருந்தது. அதன் ஜோடி வலது காதில் பத்திரமாக இருந்தது.

தோடு வாங்கிப் பதினான்கு வருடமாகிறது. மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மாலை கட்டிச் சேர்த்த காசோடு அம்மா போட்ட இரண்டு வளையலும் சேர்ந்து வந்த தோடு. தெற்காவணி மூல வீதியில் சின்ன நகைக்கடை வைத்திருந்த ஹரிராம்தான் கல்லை எடுத்துக் கொடுத்தவர்.

"மூணு நாள் வீட்டுல வச்சுப் பாரும்மா. ஒத்துக்கிட்டா போட்டுக்க. எதாச்சும் நடந்துச்சுன்னா தயங்காம கொண்டாந்துரு, மாத்தித் தாரேன்."

வைரம் வாங்குகிறவர்கள் வழக்கமாகப் பார்க்கிற ராசிதான். கல்லைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, அந்த மூன்று நாளும் பால் திரிந்தால்கூடத் திடுக்கிட்டு டப்பியைப் பார்ப்பார்கள். அவள் வீட்டில் பால் திரியவில்லை. இரண்டாம் நாள் விருமாண்டியின் மண்டை உடைந்தது.

விருமாண்டி அவளுடைய புருஷன். லோடு வண்டி ஓட்டுகிறவன். வார்த்தை வருவதற்கு முன்னால் அவனுக்குக் கை வந்துவிடும். விளாங்குடி டீக்கடை வாசலில் நின்ற வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொன்ன ஒருவரின் முகத்தில் டீ கிளாசை வைத்து அடித்தான். அவர் பெஞ்சைத் தூக்கி இவன் தலையில் இறக்கினார். எட்டுத் தையல். தகவல் கேட்டு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த மாமியார் சுந்தரம்மாள், மகன் தலையைப் பார்ப்பதற்கு முன்னால் சாமி படத்தடியில் இருந்த டப்பியைப் பார்த்தாள்.

"அதானே பாத்தேன். கல்லு ரத்தம் கேக்குது. ஏத்தா, இதைக் குடுத்துட்டு வேற சோலியப் பாரு."

"போன மாசமும்தான் அடிதடின்னு வந்தாரு அத்தை. அப்பக் கல்லு இல்லையே."

"வரப்போற கல்லு முன்னாடியே ஆள் அனுப்பும்டி."

பாண்டீஸ்வரி தோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை. ஆனால் அவளுக்கும் உள்ளுக்குள் பயம் விழுந்துவிட்டது. தோட்டைப் பூந்திக்கொட்டை டப்பாவின் அடியில் போட்டு மூடிவிட்டு, ஒரு ஆடியிலிருந்து மறு ஆடி வரை கவரிங் கம்மலோடு அலைந்தாள். அந்த ஒரு வருடத்தில் குழம்பில் உப்புக் கூடியதற்கு ஒரு பல் போனது. தன் தம்பி கல்யாணத்துக்கு ஒரு நாள் முன்னால் கிளம்பியதற்கு மணிக்கட்டு. ஒன்றுமே இல்லாததற்கு விலா எலும்பு. கல் பாட்டுக்கு இருட்டுக்குள் கிடந்தது.

மறு ஆடியின் முதல் வெள்ளிக்கிழமை டப்பாவைத் திறந்து, தோட்டைக் கழுவிப் போட்டுக்கொண்டாள். "கல்லு மேல குத்தமில்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அதன்பின் அந்தத் தோட்டை அவள் வைத்துக்கொண்ட விதத்தைப் பார்த்தால் கைப்பிள்ளை வைத்திருக்கிறாளோ என்று தோன்றும். மாதத்துக்கு ஒருமுறை பூந்திக்கொட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து நுரைக்க வைப்பாள். குழாயடிக்குக் கொண்டுபோக மாட்டாள். கல் சாக்கடைக்குப் போனால் போனதுதான். அகலக் கிண்ணத்தில், அடியில் துணி விரித்துத்தான் கழுவுவாள். மஞ்சளும் எண்ணெயும் போய் அடைவது கல்லின் பின்பக்கத்தில். அதனால் பிரஷை முன்னால் தேய்க்காமல் பின்னால் தேய்ப்பாள். துடைத்ததும் காதருகே வைத்து ஆட்டுவாள். சத்தம் வந்தால் ஏதோ ஒரு கல் ஆடுகிறது என்று அர்த்தம். திருகாணி கழன்றுவிடாமல் இருக்க மரையில் நூல் சுற்றி இறுக்கிக்கொள்வாள். வளையலோடு சேர்த்து ஒரே டப்பியில் போட மாட்டாள். தங்கத்தை அது கீறிவிடும்.

"அம்மா, இதுல பாதி கவனம் ஒன் ஒடம்பு மேல வச்சிருக்கலாம்" என்பாள் மகள் ரோகிணி. மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறவள். வீட்டுக்கு வலி மாத்திரை அவள்தான் கொண்டுவருவாள்.

"ஒடம்பு அம்மா வீட்டுல குடுத்தது. இது நானா வாங்குனது" என்பாள் பாண்டீஸ்வரி.

ஒருநாள் விருமாண்டி விட்ட அறை காதோடு விழுந்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது. காதுக்குள் வண்டு சுற்றுவது போல ஒரே இரைச்சல். அவள் சுவரைப் பிடித்து நின்று, முதலில் தோட்டைத்தான் தடவிப் பார்த்தாள். ஏழில் ஒரு கல் இல்லை.

"யாரும் அசையக் கூடாது!" என்று அவள் போட்ட சத்தத்தில் அடிக்க ஓங்கிய கையை அவன் அப்படியே நிறுத்திவிட்டான். அவள் ஜன்னலைச் சாத்தினாள். ரோகிணியின் போன் டார்ச்சைத் தரையோடு படுக்கவைத்து, கன்னத்தைத் தரையில் பதித்துப் பார்த்துக்கொண்டே போனாள். உதட்டு ரத்தம் சிமெண்டுத் தரையில் கோடு இழுத்துக்கொண்டே வந்தது. கட்டில் காலடியில் உடைந்த வளையல் துண்டுகளுக்கு நடுவே ஒரு பொறி மின்னியது. நகத்தில் ஈரம் தொட்டு அதை எடுத்துக்கொண்ட பிறகுதான் எழுந்தாள்.

கல்லைப் பிடித்திருக்கும் கவ்வு வளைந்துபோயிருந்ததை ஹரிராம் பூதக்கண்ணாடியில் பார்த்தார். "எப்படிம்மா இது?"

"கதவுல இடிச்சுட்டேண்ணே."

"ஒங்க வீட்டுக் கதவு ரொம்பப் பொல்லாததா இருக்கேம்மா. இதோட மூணாவது தடவை." அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கூலியும் வாங்கிக்கொள்ளவில்லை.

சென்ற மாதம்தான் விஷயம் முற்றியது. ஊரில் வேலித் தகராறு. பக்கத்துக் காட்டுக்காரன் நட்ட கல்லுக்காலை விருமாண்டி போய்ப் பிடுங்கி எறிந்தான். காட்டுக்காரன் அரிவாளோடு வந்தான். குறுக்கே விழுந்து தடுத்த விருமாண்டியின் தம்பி அழகுராஜாவுக்குத் தோளில் வெட்டு. இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பிடுங்கியவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

மறு வாரம் காலையில் சுந்தரம்மாள் வந்து இறங்கினாள். பாண்டீஸ்வரி தோசை சுட்டுக்கொண்டிருந்தாள். விருமாண்டி தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"குறி கேட்டுட்டேன். அந்தக் கல்லைக் கொலசாமி உண்டியல்ல போட்டாத்தான் இந்தக் குடும்பத்துல ரத்தம் நிக்குமாம். கழட்டுத்தா."

"அழகுராஜாவை வெட்டுனது யாரு அத்தை?"

"அந்தப் பாவிப்பய, காட்டுக்காரன்."

"அவன் கல்லுக்காலப் பிடுங்குனது யாரு?"

சுந்தரம்மாள் மகனைப் பார்த்தாள். பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஏன், என் காதுல இருக்க கல்லு போயி பிடுங்கச் சொல்லுச்சா?"

தட்டு பறந்தது. "கழட்டுறியா, நான் கழட்டவா?" என்று விருமாண்டி எழுந்து வந்தான். தோடு உண்டியலில் விழுந்துவிட்டால் பல், மணிக்கட்டு, விலா எலும்பு, அழகுராஜாவின் இரண்டு விரல் என எல்லாக் குற்றமும் அதோடு போய்விடும், இவன் கழுவிவிட்டதுபோல வெளியே நிற்பான் என்று அவளுக்கு அந்த நேரத்தில் தெளிவாகத் தெரிந்தது.

"தொடாத" என்றாள்.

அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைச் சாய்த்துத் திருகாணியைத் திருகினான். நூல் சுற்றிய மரை அவனுடைய தடித்த விரலுக்கு அசையவில்லை. இழுத்தான். துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அது தன் காது என்று அவளுக்குத் தெரிவதற்கு ஒரு நொடி ஆனது. தெரிந்ததும், தோசைக்கல்லில் சூடேறிக் கிடந்த கரண்டியை எடுத்து அவன் முழங்கையின் உள்பக்கத்தில் தட்டையாக வைத்து அழுத்தினாள். தோல் பொசுங்கும் வாடை வந்தது. அவன் அலறிக்கொண்டு கையை உதறியதில் தோடு அடுப்படியில் விழுந்தது. அவன் விட்ட உதை அவள் இடுப்பில் இறங்கியபோது அவள் குனிந்து அதை எடுத்துக்கொண்டிருந்தாள். மீண்டும் நிமிர்ந்தபோது கரண்டி அவன் முகத்துக்கு நேரே இருந்தது.

"வெளிய போ."

பாதி பின்னின சடையோடு ஓடிவந்த ரோகிணி அப்பனை இரண்டு கையாலும் நெஞ்சில் தள்ளினாள். கையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் படி தடுக்கி வாசலில் விழுந்தான். சுந்தரம்மாள் தானாகவே அவன் பின்னால் இறங்கினாள். ரோகிணி தாழ்ப்பாளைப் போட்டாள்.

பாண்டீஸ்வரி ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றாள். கழுத்து வழியாக ஜாக்கெட் நனைந்துகொண்டிருந்தது.

"கல்லை மூணு நாள் உள்ள வச்சுப் பாத்தீகள்ல? இப்ப உன்னைய மூணு நாள் வெளிய வச்சுப் பாக்குறேன். எது ஒத்துக்கலன்னு தெரிஞ்சு போகும்."

அவன் செங்கலை எடுத்து எறிந்ததில் ஜன்னல் கண்ணாடி போனது. எதிர்வீட்டுக்காரர் தடுக்க வந்து ஒரு குத்து வாங்கினார். தெருவில் ஆட்கள் கூடியதும் அம்மாவை இழுத்துக்கொண்டு உசிலம்பட்டி பஸ் பிடிக்கப் போய்விட்டான். அதன் பிறகுதான் பாண்டீஸ்வரி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் பால் திரிந்தது. "அம்மா, கல்லு வேலையக் காட்டிருச்சு!" என்று ரோகிணி கத்தினாள். பாண்டீஸ்வரிக்குச் சிரிப்பு வந்து, தையல் இழுத்து, சிரிக்கவும் முடியாமல் நிறுத்தவும் முடியாமல் தவித்தாள். அந்த வீட்டில் ஒரு சாமான் உடையாமல் இரண்டு நாள் போனது அவளுக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை.

மூன்றாம் நாள் மாலை சுந்தரம்மாள் போன் செய்தாள்.

"ஏத்தா, வந்து இவனைக் கூட்டிட்டுப் போயிரு. ஆஸ்பத்திரில படுத்துக் கிடக்க தம்பிய, ஒன்னாலதான் எனக்கு இம்புட்டும்னு சொல்லி அடிக்கப் போயிட்டான். தடுக்கப் போன என் கையை முறுக்கி விட்டுட்டான். வீங்கிப் போய்க் கிடக்கு."

"கல்லு இங்கதானே அத்தை இருக்கு."

"சரித்தா. அதைப் பத்திரமா வச்சுக்க" என்றாள் சுந்தரம்மாள்.

"கைக்கு ஒத்தடம் குடுங்க அத்தை" என்று சொல்லி பாண்டீஸ்வரி போனை வைத்தாள்.

நான்காம் நாள் காலையில் ஏட்டு ஒருவர் நோட்டோடு வந்தார். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் திருட்டு என்று இருந்ததால் விசாரிக்க வந்திருந்தார்.

"எந்த எடத்துலம்மா? பைக்குல வந்தானுகளா? எத்தனை பேரு?"

"ஒத்த ஆளு சார். நடந்துதான் வந்தான். எங்க அடுப்படிக்கு."

ஏட்டு தலையைத் தூக்கினார். "அடையாளம் சொல்வீங்களா?"

"பேரே சொல்வேன். விருமாண்டி. வயசு அம்பத்திரண்டு. வலது முழங்கையில தோசைக்கரண்டி சூடு இருக்கும்."

பேனா நின்றது. ஏட்டு, உள்ளே மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தார். "வீட்டுக்காரரா? பின்ன எதுக்கும்மா ஆஸ்பத்திரில திருடன்னு சொன்னீங்க?"

"அன்னைக்கு வாய் வரல சார். இப்ப மூணு நாள் வச்சுப் பாத்தாச்சு. எழுதிக்கங்க."

அவர் எழுதினார். சாட்சி யார் என்று கேட்டார். "நான் இருக்கேன்" என்று ரோகிணி வந்து நின்றாள். பொருள் எங்கே என்றார். பாண்டீஸ்வரி உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துவந்தாள். பதினான்கு வருடத்தில் முதன்முறையாக அவள் கழுவாமல் வைத்திருந்த தோடு. கல்லின் பின்பக்கம் ரத்தம் கறுத்து அடைந்திருந்தது. திருகாணியில் சுற்றிய நூலோடு காதுத் தோலின் துணுக்கு ஒன்று ஒட்டிக் காய்ந்திருந்தது.

ஏட்டு கையை நீட்டினார். அவள் கவரைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"கையில தர மாட்டேன் சார். எம்புட்டு வேணுமோ போட்டோ எடுத்துக்கங்க."

"கேட்டா கொண்டாந்து காட்டணும்மா."

"நான் எங்க போகப் போறேன். இது எங்க போகப் போகுது."

அவர் நான்கு பக்கமும் திருப்பச் சொல்லிப் போட்டோ எடுத்துக்கொண்டார். கையெழுத்து வாங்கினார். வண்டிச் சத்தம் தெருமுனை திரும்புகிற வரை பாண்டீஸ்வரி வாசலிலேயே நின்றாள். பிறகு கதவைத் தாழிட்டு, பூந்திக்கொட்டை நாலை எடுத்துத் தட்டி, அகலக் கிண்ணத்தில் துணி விரித்தாள்.

"சுடுதண்ணி வைக்கவாம்மா?" என்றாள் ரோகிணி.

"வேணாம். ரத்தத்துக்குப் பச்சைத் தண்ணிதான்" என்றாள் பாண்டீஸ்வரி.