லட்சுமிக்கு வைத்த பொட்டு

எங்கள் அச்சக முதலாளிக்குப் பட்டாசுக் கம்பெனியும் உண்டு. சிவகாசியில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்று கட்டிக் கொடுத்தவர். அவருக்கு இருந்த ஒரே பைத்தியம் படங்கள். காலண்டருக்காகக் கையால் வரைந்த சாமி படங்களை, அச்சடித்து முடித்ததும் பரணில் போட்டுவிடுவார்கள். அவற்றை அவர் தேடித் தேடி வாங்கினார். எல்லாரும் பார்க்கட்டும் என்று பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு கூடமும் கட்டினார். விஜயதசமியன்று திறப்பு விழா.

முந்தின நாள் ஆயுத பூசை. மிஷின், கட்டிங் கத்தி, தராசு என்று ஒன்று விடாமல் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. பைண்டிங்கில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். அன்று கூடத்தைத் துடைக்கவும் என்னையே அனுப்பினார்கள். சாமி படங்களைச் சும்மா விட மனம் வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே போனேன். விரலுக்குக் கண்ணாடி வழுவழுவென்று இருந்தது. கடைசியில் ஆளுயர லட்சுமி. தொட்டதும் சொரசொரவென்றது. அதற்கு மட்டும் இன்னும் கண்ணாடி வரவில்லை. ஈரச் சந்தனத்தில் குங்குமம் கரைந்து மூக்கு வரை இறங்கியது.

முதலாளி முதன்முதலில் வாங்கிய படம் அது. சொல்லாமல் போனால் விழாவில் அத்தனை பேர் முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். ஆனால் அவரிடம் நான் நேராகப் பேசியதே இல்லை. வணக்கம்கூடத் தூணுக்குப் பின்னால் நின்றுதான் வைப்பேன். அன்று அவர் அறை வாசலில் நின்றேன்.

"அண்ணாச்சி, லட்சுமிக்குப் பொட்டு வச்சுப்புட்டேன்."

சூப்பர்வைசரோடு வந்து பார்த்தார். ஈரப் பஞ்சால் அவரே ஒற்றி எடுத்தார். மூக்கில் சிவப்பு போய்விட்டது. நெற்றியில் மட்டும் லேசான கறை நின்றது.

"ஏம்மா, வரைஞ்சவரு ஏற்கனவே ஒரு பொட்டு வச்சிருக்காரே, பத்தலையாக்கும்?"

"அது வரைஞ்ச பொட்டுதான அண்ணாச்சி. இன்னைக்கு ஆயுத பூசை."

சிரித்துவிட்டார். "இம்புட்டு வருசமா வாயத் தொறக்காத ஆளு, தொறந்ததும் என்னையே மடக்குறீகளே!"

"நாளைக்கு ஊரே குங்குமக் கிண்ணத்தோட வரும் அண்ணாச்சி," என்றார் சூப்பர்வைசர்.

"அப்ப இவுகளயே வாசல்ல நிறுத்து."

மறுநாள் காலையில் கண்ணாடி வந்து மாட்டியாயிற்று. நான் குங்குமத் தட்டோடு வாசலில் நின்றேன். "பொட்டு உங்களுக்குத்தான், படத்துக்கு இல்ல" என்று வருகிறவர்களிடம் சொல்ல வேண்டும். முதல் பத்துப் பேரிடம் முணுமுணுக்கத்தான் முடிந்தது. ஏழாயிரம்பண்ணையிலிருந்து வேனில் வந்த ஒரு அக்கா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"சாமிக்கு வைக்காம எனக்கு மட்டும் எப்படித்தா?"

"சாமிக்கு நேத்தே நான் வச்சாச்சுக்கா," என்றேன் சத்தமாக. "கடைசிப் படம். கண்ணாடிக்குள்ள இருக்கு, போய்ப் பாருங்க."