தாகேதா கராஜில் ஒரு கரி அடுப்பு

இது நடந்தது. நம்பாதவர்கள், விடிவதற்கு முன்னால் தனியாக எழுந்திருக்கும் ஒரு நாளில் மறுபடி நினைத்துப் பாருங்கள். ரங்கூனின் பபேடான் பகுதியில் துணிக்கடை வைத்திருந்த ஷம்சுதீன் பாய் சொன்னது இது. சாயம் போகும் கைலியை, "போகும்" என்று முன்கூட்டியே சொல்லி வியாபாரத்தைக் கெடுத்துக்கொள்கிற மனிதர். கதை கட்ட அவருக்கு வராது.

2003 டிசம்பர். அவர் மனைவி ஹமீதுன்னிசாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்திருந்தது. விரல்கள் உள்ளே மடங்கிக்கொண்டன. "மூணு மாசத்துக்குள்ள அசைஞ்சாத்தான் உண்டு" என்றார் டாக்டர். அதில் இரண்டு மாதம் ஓடிவிட்டது. பாய்க்குப் பைத்தியம் பிடிக்காத குறை.

மாடி ஏற முடியாதவளுக்காக, ரங்கூனிலேயே தாகேதா பகுதியில் தனி வீடு ஒன்று வாடகைக்குப் பிடித்திருந்தார். அதில் காரில்லாத ஒரு கராஜ். முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன இரும்பு எடைகள், கூரையில் ஒரு கப்பி. பாய் அதையே ஜிம் ஆக்கிவிட்டார். விடிகாலை சுபுஹு தொழுததும் கப்பிக் கயிற்றின் ஒரு முனையை அவள் வலது கையில் கட்டி, மறு முனையை இடது கையால் இழுக்கச் சொல்வார்.

ரங்கூனில் என்ன பெரிய குளிர் என்று சிரிக்காதீர்கள். பனிக்காலத்து விடியலில், சிமென்ட் தரையில், விழுந்துபோன கை கட்டையாக விறைத்துவிடும். அந்த நேரத்தில் கரண்டும் வராது. அதனால் பாய் கரி அடுப்பை மூட்டிக் கராஜுக்குள் வைத்தார். தெருவிலிருக்கும் டீக்கடை ஆண்கள் பார்ப்பார்கள் என்று ஹமீதுன்னிசா கூசினாள். ஷட்டரை முழுக்க இறக்கினார். அடியில் தெரிந்த இடைவெளியில் சாக்கைத் திணித்தார். பிரசவமானவளை அறையில் அடைத்து அனல் மூட்டிப் பழகிய வீட்டார் அவர்கள். கரி அவர்களுக்கு மருந்து. பயப்பட என்ன இருக்கிறது?

கராஜ் சூடானது. ஒரு விரல் லேசாக நிமிர்ந்தது. பாய் அழுதேவிட்டார்.

மறுநாள் பாதி நேரத்தில் திரும்பிப் பார்த்தால், திணித்த சாக்கு உள்பக்கம் இழுத்துப் போடப்பட்டிருந்தது. எலி என்று நினைத்தார். அதற்கடுத்த நாள் ஷட்டரே ஒரு சாண் தூக்கியிருந்தது. பூனை என்று சொல்லிக்கொண்டார். ஷட்டரைத் தூக்கும் பூனை!

சூடெல்லாம் வெளியே போனது. விரல் மறுபடி மடங்கிவிட்டது. பாய்க்குக் கோபம் தலைக்கேறியது. நாள் போய்க்கொண்டிருக்கிறதே! அடுத்த விடியலில் ஷட்டரை இறக்கி, உள்பக்கம் பூட்டுப் போட்டார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுப்பில் இன்னும் நாலு கை கரி அள்ளிப் போட்டார்.

ஐந்தே முக்கால். தலை பாரமாக இருந்தது. இரவு தூக்கம் சரியில்லை, அதனால்தான் என்று நினைத்தார்.

சர்ர்... சர்ர்...

யாரோ ஷட்டரைச் சுரண்டினார்கள். வெளியிலிருந்து அல்ல. உள்ளிருந்து.

"மச்சான்... அங்க யாரு குந்தியிருக்கா?"

"யாருமில்லம்மா."

யாரும் இல்லைதான். அடுப்பின் சிவப்பு மட்டும்...

"தகா ப்வின்பா..."

பர்மியக் குரல். 'கதவைத் திறங்க' என்கிறது. வாலிபக் குரல். அழுகிற குரல். அவர் காதுக்கு வெகு அருகில்.

எழப் பார்த்தார். கால் வரவில்லை.

சாவியை எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. ஹமீதுன்னிசா பக்கத்தில் சரிந்து கிடந்தாள்.

யா அல்லாஹ்... இவளை நானே கொன்னுட்டேனே...

அப்போது அவர் சட்டைப் பைக்குள் ஒரு கை நுழைந்தது.

ஹமீதுன்னிசாவின் கை.

வலது கை.

விழிப்பு வந்தபோது இருவரும் தெருவில் கிடந்தார்கள். ஷட்டர் திறந்திருந்தது. எதிர்வீட்டு டோ கமலாட்சி (பர்மாவில் பெரியவளை மரியாதையாக 'டோ' என்பார்கள்) முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். ஹமீதுன்னிசாவை ஆஸ்பத்திரியில் சேர்த்தபிறகுதான் கமலாட்சி பாயைத் தனியே கூப்பிட்டுச் சொன்னாள்.

"வீட்டுக்காரரு சொல்லலியா பாயி? முன்ன இங்க ஒரு குத்துச்சண்டைப் பையன் இருந்தான். எடை கொறைக்கணும்னு இதே மாதிரி உள்ள பூட்டிக்கிட்டு, கரியப் போட்டு வேர்க்க வச்சான். நாங்க கதவ ஒடைக்கிறப்ப அவன் கரிப்பொகையில செத்து ரொம்ப நேரம் ஆயிருச்சு. ஒடம்பு பூரா ஐசு..."

அவள் குரல் இறங்கியது.

"வலது கை மட்டும் கொதிச்சுச்சு பாயி."

இதைப் பாய் மனைவியிடம் சொல்லவே இல்லை. சொல்ல என்ன அவசியம்? அவள் கை பிழைத்துவிட்டது. கிளாஸைப் பிடித்தாள், பொத்தான் போட்டாள். டாக்டருக்கே ஆச்சரியம். பாய் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதார். பிறகு அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

திரும்பி வந்த அன்று இரவு. விடிய இன்னும் நேரமிருந்தது.

"மச்சான்... எந்திரிங்க."

அவள் கட்டிலிலிருந்து பாதி சரிந்து தொங்கினாள். இடது கையால் வலது கையை அமுக்கிப் பிடித்திருந்தாள். அந்தக் கை கராஜ் பக்கம் நீண்டிருந்தது.

"கட்டுங்க மச்சான்... சீக்கிரம் கட்டுங்க... என்னைய இழுக்குது..."

பாய் அதைப் பிடித்தார்.

கொதித்தது.

வீட்டை அன்றே காலி செய்துவிட்டார்கள். ஆனாலும், அசைய வேண்டும் என்று அல்லாஹ்விடம் அழுது கேட்ட அந்தக் கையை, இன்றுவரை இருட்டியதும் கட்டில் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டுத்தான் பாய் படுக்கிறார்.