அண்ணியின் பூசணிக் கத்தி

செம்மஞ்சள் பிடி, விரல் நீள அலகு, ஓரமெல்லாம் பல். ஹலோவீனுக்குப் பூசணிக்காயில் கண்ணும் வாயும் வெட்டுவதற்கென்றே ரொறன்ரோவில் விற்கிற கத்தி அது. என் அண்ணனைக் கட்டி பாரிசுக்கு வந்தபோது, கலியாணச் சேலைகளுக்கு நடுவே அண்ணி அதையும் சுற்றிக்கொண்டு வந்தார்.

பாரிசின் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் அண்ணன் பலசரக்குக் கடை திறந்த அன்று, கண்ணூறு கழிக்க வாசலில் பூசணிக்காய் உடைத்தவர்கள் ஆண்கள்தான். முழுப் பூசணியில் பெண் கத்தி வைக்கக் கூடாது, வயிற்றில் பிள்ளை இருந்தால் கிட்டவும் போகக் கூடாது என்பது எங்கள் சனத்தின் கட்டுப்பாடு. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வளர்ந்த அண்ணிக்கோ, ஒக்டோபர் கடைசியில் வாசலில் ஒரு பூசணி சிரிக்காவிட்டால் அது வீடே இல்லை. அங்கே அவருடைய அம்மாவே வருடா வருடம் வெட்டுவாராம். முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு, அண்ணி இங்கேயும் கடைப் படியில் உட்கார்ந்து, ஊரறிய வெட்டி உள்ளே மெழுகுதிரி ஏற்றினார்.

பிள்ளை தங்கவில்லை. டொக்டர் சொன்ன காரணம் ஒருவர் காதிலும் ஏறவில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் துக்கமா கேட்டார்கள்? "பூசணியை வெட்டினவ, பிறகென்ன?" என்று அண்ணி போட்டுக்கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்துக்கொண்டே பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் எழும்பிக் கடையைத் திறக்கப் போய்விட்டான்.

அடுத்த ஒக்டோபரில் அண்ணி மறுபடியும் கர்ப்பமாக இருந்தார். போன முறையைவிடப் பெரிய பூசணியோடு படியில் உட்கார்ந்தவரிடம் அண்ணன் கெஞ்சினான்.

"இந்த ஒருக்கா விடுமன். உமக்குப் பயமில்லையே?"

"பயம்தான். ஆனா இப்ப விட்டனெண்டா, என்ரை பிள்ளையை நானே சாகடிச்சனான் எண்டு ஒத்துக்கொண்ட மாதிரி. மாட்டன்."

வெட்டினார். கடைக்கு வந்த இரண்டு பெண்கள் வாசலைக் கண்டுவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்கள். நடக்கட்டும் என்று நான் பக்கத்தில் உட்கார்ந்து விதைகளைத் தோண்டிப் போட்டேன். மகள் பிறந்தாள். "கடவுள் காப்பாத்திப்போட்டார்" என்று அதே வாய்கள் சொல்லின. அண்ணி ஒருவரிடமும் வாதாடவில்லை. ஒக்டோபர் வந்தால் படியில் உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

இன்று அந்தக் கத்தி பாரிசுக்கு வெளியே பொண்டியில், என் குசினி மேசையில் இருக்கிறது. எனக்கு இது ஆறாம் மாதம். அண்ணிதான் கொடுத்துவிட்டார். பூசணியைக் கண்டதும் என் மாமியாருக்கு முகம் வெளிறிவிட்டது.

"பிள்ளை, என்ரை மகன் வரட்டும். முதல் வெட்டை அவன் வெட்டட்டும். உமக்குப் பயமில்லையே?"

"ஓம் மாமி, பயம்தான்" என்று சொல்லிவிட்டு, கத்தியைப் பூசணியில் இறக்கினேன்.