பச்சை அடித்த பெட்டி

அமிர்தவல்லி குன்னத்துக்காரி. மக்காச்சோளமும் வெங்காயமும் போடுகிற வீட்டிலிருந்து இயற்பியல் படிக்கப் போனவள். அரியலூர்ப் பக்கம் ஒரு சிமென்ட் ஆலையில் பதினோரு வருஷமாகக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. என்ன வேலை என்று யாராவது கேட்டால், "ஒரு பெட்டிக்குக் காவல்" என்பாள்.

ஈயம் வார்த்த இரும்புப் பெட்டி. உள்ளே மிளகளவு சீசியம். தொட்டிக்குள் சிமென்ட் மாவு எந்த மட்டத்தில் நிற்கிறது என்று வெளியிலிருந்தே காட்டிக்கொண்டிருந்தது. வலு குறைந்ததும் கழற்றிப் பூட்டிய அறையில் வைத்தார்கள். ஆளை முடக்கும் அளவுக்கு இன்னும் மிச்சமிருந்தது. மும்பையில் உள்ள அணுசக்தி அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்ப அனுமதி வரும்வரை வாரம் ஒருமுறை கதிர்வீச்சு மீட்டரைக் காட்டி, அளவை எழுதி வைப்பாள்.

ஆயுத பூஜைக்கு அந்த ஆலையில் ஒரு ஸ்பேனர் விடாமல் கழுவிப் பொட்டு வைப்பார்கள். அறையைக் கூட்டவேண்டும் என்று ஒப்பந்த ஆட்கள் கேட்டபோது சாவியைக் கொடுத்துவிட்டு, கூட நிற்காமல் ஊருக்குப் போய்விட்டாள். மூன்றாம் நாள் வந்து சாவியை வாங்கித் திறந்தால் பெட்டி இல்லை.

ஒப்பந்த ஆட்களுக்கு மேஸ்திரி அறிவழகன். அவனைக் கேட்டாள்.

"எல்லாத்துக்கும் பச்சை பெயின்ட் அடிச்சோம்க்கா. உங்க பெட்டிய மட்டும் விட்டா சாமி கோச்சுக்காதா? காயட்டும்னு வெளிய வச்சேன்."

"வெளியன்னா எங்கப்பா?"

அவன் எடைமேடையைத் திரும்பிப் பார்த்தான். பழைய இரும்பு ஏற்றிய லாரி, உருக்காலைக்குக் கிளம்ப நின்றது. பெட்டியில் பதித்திருந்த எச்சரிக்கைத் தகட்டின் மேலும் பெயின்ட் ஏறியிருந்ததால், ஏற்றியவர்களுக்கு அதுவும் ஒரு இரும்புத்துண்டு.

டிரைவரை இறங்கச் சொன்னாள். மீட்டரை நீட்டிக்கொண்டு லாரியைச் சுற்றி மெதுவாக நடந்தாள். பின்சக்கரத்துக்கு மேலே முள் ஏறியது. உடைந்த பல்சக்கரங்களுக்கு அடியில், சந்தனப் பொட்டோடு கிடந்தது. மூடியின் பூட்டு அப்படியே இருந்தது.

அறிவழகன் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினான். "நாந்தாங்க்கா தூக்குனேன்."

மூடி திறக்காதவரை கையில் ஒட்டுகிற சமாச்சாரம் இல்லை அது. ஆனாலும் விரல் விரலாக மீட்டரைக் காட்டினாள்.

"ஒன்னுமில்ல. போயி சோறு தின்னு."

மேனேஜர், "அதான் கெடச்சுடுச்சில்ல, விடும்மா. எழுதுனா உன் வேலைக்குத்தான் மொதல்ல ஆப்பு" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை என்று அவளுக்கும் தெரிந்தது. சாப்பாட்டு நேரம் முழுக்க அதையே யோசித்தாள்.

பிறகு மும்பைக்கு எழுதினாள். இரண்டு நாள் பெட்டி பூட்டுக்கு வெளியே இருந்தது. சாவியைக் கொடுத்தது நான்.

அனுப்பிவிட்டு ஒரு பிளேடு வாங்கி வந்து தகட்டின் மேல் பெயின்டைச் சுரண்ட உட்கார்ந்தாள். அதில் பொறித்த எண் தெரியாவிட்டால் மும்பையில் பெட்டியை வாங்கிக்கொள்ள மாட்டார்கள். தன் இடத்துக்கு வருகிறவர் அதற்காக அலையக் கூடாது.